ட்ரூப்பலில் எழுதி எக்ஸ்எம்எல்லாக வெளியிடுதல்: மும்மொழிக் கையேட்டுப் பணியிலிருந்து ஒரு மதிப்புரை

மொரீஷியஸில் மாலை நேரத் தமிழ் வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்களுக்கான கையேட்டைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பராமரித்து, இணையப் பக்கங்களாகவும் அச்சுக்குரிய பிடிஎஃப் கோப்பாகவும் வெளியிடும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் உள்ளது. எழுதவும் திருத்தவும் ட்ரூப்பல் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பையும், அதிலிருந்து எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு பகுதியும் இன்னதென்று குறிச்சொற்களால் அடையாளமிட்ட கோப்பாகக் கிடைப்பதைக் கையேடாக்க, டிட்டா என்னும் கையேட்டு எக்ஸ்எம்எல் தரத்துக்குரிய டிட்டா ஓப்பன் டூல்கிட்டையும் பயன்படுத்தி வருகிறோம். இரண்டும் உரிமக் கட்டணம் இல்லாத திறந்த மூல மென்பொருள்கள். இவற்றைத் தனித்தனியே அளந்து மதிப்பெண் போடுவது என் நோக்கமன்று. ஒன்றில் எழுதி மற்றொன்றில் வெளியிடும் இந்த வழி, பல மொழிகளில் கையேடு பராமரிக்கும் தமிழ்க் குழுக்களுக்கு எவ்வளவு ஏற்றது என்பதையே இங்கு எழுதுகிறேன். வழி நம்பகமானது என்பது என் முடிவு. ஆனால் வெளிவரும் எக்ஸ்எம்எல்லின் தரம், ஆசிரியர் தட்டச்சுச் செய்யும் படிவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதைப் பிற்பாடு எந்தக் கருவியாலும் உயர்த்திவிட முடியாது.

இதற்கு முன் மாதச் சந்தா கட்டும் ஓர் ஆவணச் சேவையில் கையேட்டை வைத்திருந்தோம். எழுத எளிதாக இருந்தது. தோற்றமும் நன்றாக இருந்தது. ஆனால் உள்ளடக்கத்தை வெளியே எடுக்க முயன்றபோது, தலைப்பு, குறிப்பு, செய்முறைப் படி என்ற வேறுபாடு எதுவுமில்லாத எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவக்) கோப்புகளின் கட்டு ஒன்றுதான் கிடைத்தது. பல ஆண்டுகள் வாழவேண்டிய கையேட்டை அவ்வாறு ஒரே சேவையின் வடிவத்துக்குள் விட்டுவைப்பது சரியன்று என்று கருதியே எக்ஸ்எம்எல் வழிக்கு வந்தோம்.

ட்ரூப்பலின் பக்கத்தில் தேவையானவை யாவும் அதன் மையத் தொகுப்பிலேயே உள்ளன. 2015 நவம்பரில் வெளியான எட்டாம் பதிப்பு முதல் வியூஸ் என்னும் பட்டியலாக்கக் கருவி மையத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. ரெஸ்ட், சீரியலைசேஷன் ஆகிய தொகுதிகளும் அதனுடன் வருகின்றன. இவற்றை இயக்கிவிட்டு, வியூஸில் ‘ரெஸ்ட் எக்ஸ்போர்ட்’ என்ற காட்சி ஒன்றை உருவாக்கி, முகவரி ஒன்றைக் கொடுத்து, வடிவமாக எக்ஸ்எம்எல்லைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த முகவரியை அழைக்கும்போதெல்லாம் வெளியிடப்பட்ட பக்கங்கள் எக்ஸ்எம்எல்லாக வரும். பக்கப் பிரிப்பை நீக்கி எல்லாவற்றையும் காட்டும்படி அமைக்க மறந்தால் பட்டியலின் முதற்பகுதி மட்டுமே வரும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஒரு தேர்வு உண்டு. ஒவ்வொரு வரிசையையும் முழு உள்ளடக்க உருப்படியாகத் தரலாம், அல்லது நாம் தேர்ந்த புலங்களாக (படிவத்தின் தனித்தனிப் பெட்டிகளாக) மட்டும் தரலாம். முழு உருப்படியாகத் தந்தால் எழுதியவர் எண், திருத்த நேரம், பதிப்பு எண் என்று கையேட்டுக்கு வேண்டாதவை எல்லாம் உடன் வந்து சேரும். புலங்களாகத் தந்தால் ஒவ்வொரு புலத்துக்கும் நாமே பெயர் சூட்டலாம். அந்தப் பெயரே எக்ஸ்எம்எல் குறிச்சொல்லாகிவிடும். நாங்கள் இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். வேர் உறுப்பு ‘ரெஸ்பான்ஸ்’ என்றும் ஒவ்வொரு வரிசையும் ‘ஐட்டம்’ என்றும் பொதுப்பெயருடன்தான் வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஏனெனில் இந்த எக்ஸ்எம்எல் வாசகருக்குரியது அன்று. எக்ஸ்எம்எல்லை வேறொரு வடிவமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி என்னும் மொழியால் செய்யும் உருமாற்றத்துக்குரிய இடைப்பொருள்.

உண்மையான சிக்கல் உடற்பகுதிப் புலத்தில் தொடங்குகிறது. ஆசிரியர் தொகுப்பானில் எழுதிய பத்தி, பட்டியல், தடித்த எழுத்து எல்லாம் எச்டிஎம்எல்லாகச் சேமிக்கப்படுகின்றன. ஏற்றுமதியின்போது அந்த எச்டிஎம்எல் முழுவதும் சிடேட்டா என்னும் உறைக்குள் அப்படியே வைக்கப்படுகிறது. எக்ஸ்எம்எல் நிரலுக்கு அந்த உறைக்குள் இருப்பது வெறும் எழுத்துச்சரம். அதில் பத்தி எது, பட்டியல் எது என்று அதற்குத் தெரியாது. ஒரு பாடத்தின் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, மதிப்பீடு அனைத்தையும் ஒரே பெரிய பெட்டியில் எழுதவிட்டு, எக்ஸ்எம்எல் வெளிவருகிறது என்று மகிழ்வதில் பயனில்லை. வெளிவருவது எக்ஸ்எம்எல் மேலுறை அணிந்த பழைய எச்டிஎம்எல்தான்.

ஆகவே உள்ளடக்க வகைகளை முதலில் வகுக்க வேண்டும். எங்கள் கையேட்டில் விளக்கப் பக்கம், செய்முறைப் பக்கம், குறிப்புதவிப் பக்கம் என்று மூன்று வகைகள் வைத்தோம். டிட்டாவின் கான்செப்ட், டாஸ்க், ரெஃபரன்ஸ் ஆகிய மூன்று பக்க வகைகளுக்கும் இவை நேராகப் பொருந்துகின்றன. செய்முறைப் பக்கத்தில் சுருக்கம், முன்தேவை, சூழல், படிகள், விளைவு என ஒவ்வொன்றுக்கும் தனிப்புலம் உண்டு. எஞ்சிய நீண்ட உரைப் புலங்களுக்கு ட்ரூப்பலின் உரை வடிவ அமைப்பில் பத்தி, பட்டியல், தடிப்பு, சாய்வு, இணைப்பு ஆகியவற்றைத் தவிர மற்றெல்லாக் குறிச்சொற்களையும் தடுத்துவிட்டோம். உள்தலைப்பு போடும் வசதியை ஏன் பறித்தீர்கள் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். டிட்டாவில் ஒரு செக்‌ஷனுக்குள் இன்னொரு செக்‌ஷன் அமைய முடியாது. ஆகையால் உள்தலைப்புக்குள் உள்தலைப்பு வேண்டும் என்ற நிலை வந்தால், அது தனிப்பக்கமாகப் பிரிய வேண்டிய செய்தி என்றே கொள்ள வேண்டும். இதைப் பொறுமையாக விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள். விளக்காமல் பொத்தானை மட்டும் நீக்கினால் தடித்த எழுத்தில் தலைப்பு போடத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தத் தீவில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு நுட்பம் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்துமுறையில் முக்காற்புள்ளிக்கும் வினாக்குறிக்கும் முன்னால் பிரியாத இடைவெளி விடுவது மரபு. தொகுப்பான் அந்த இடைவெளியை எச்டிஎம்எல்லின் ‘என்பிஎஸ்பி’ என்ற பெயர்க்குறியாக (ஓர் எழுத்தைப் பெயரால் சுட்டும் குறியாக)ச் சேமிக்கக்கூடும். எக்ஸ்எம்எல்லோ ஐந்தே ஐந்து பெயர்க்குறிகளைத்தான் தானாக அறியும். அவற்றில் இது இல்லை. விளைவாக, சிடேட்டா உறையைத் திறந்து உள்ளே இருப்பதை எக்ஸ்எம்எல்லாகப் படிக்க முனையும் கணத்தில், தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் தடையின்றிச் செல்ல, அதே பாடத்தின் பிரெஞ்சுப் பக்கம் மட்டும் பிழையோடு நின்றுவிடும். எழுத்தில் எந்தத் தவறும் கண்ணுக்குத் தெரியாததால் காரணத்தைத் தேடுவது கடினம். இதற்கு எச்டிஎம்எல் டைடி என்னும் இலவசக் கருவி உதவுகிறது: எக்ஸ்எம்எல் விதிகளுக்கு உட்பட்ட எக்ஸ்எச்டிஎம்எல்லாக வெளியிடவும், பெயர்க்குறிகளை எண்குறிகளாக மாற்றவும் அதற்குக் கட்டளையிட்டு, ஒவ்வொரு உரைப் புலத்தையும் அதன் வழியாக அனுப்பிய பிறகே உருமாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். மூடப்படாத வரிமுறிப்புக் குறிகளும் அப்போதே சரியாகிவிடுகின்றன. பிரெஞ்சு கலந்து எழுதும் எந்தக் குழுவும் இந்த ஒரு படியைத் தவிர்க்கக் கூடாது.

படிகளுக்கான புலத்திலும் கவனம் வேண்டும். பல மதிப்புகள் ஏற்கும் புலமாக அதை அமைத்தால், புலங்களாக ஏற்றுமதி செய்யும்போது ட்ரூப்பல் எல்லா மதிப்புகளையும் காற்புள்ளியால் கோத்து ஒரே சரமாகத் தருவது வழக்கம். “பதிவேட்டில் மாணவர் பெயர், வயது, வகுப்பு ஆகியவற்றை எழுதுக” என்ற ஒரே படியைக் காற்புள்ளியில் பிரித்தால் அது மூன்று படிகளாகச் சிதறும். பிரிப்பானை உரையில் ஒருபோதும் வராத வேறொரு குறியாக மாற்றிவிடுவது எளிய தீர்வு. வியூஸின் புல அமைப்பிலேயே அதற்கு இடமுண்டு.

மும்மொழி ஆதரவைப் பொறுத்தவரை ட்ரூப்பலுக்குத் தயக்கமின்றி உயர்ந்த இடம் தரலாம். மொழி, உள்ளடக்க மொழிபெயர்ப்பு, இடைமுக மொழிபெயர்ப்பு, அமைவு மொழிபெயர்ப்பு ஆகிய நான்கு தொகுதிகளும் எட்டாம் பதிப்பிலிருந்து மையத் தொகுப்பிலேயே இருக்கின்றன. ஒரு பாடத்தின் மூன்று மொழி வடிவங்களும் ஒரே உருப்படியின் மொழிபெயர்ப்புகளாகச் சேர்ந்திருப்பதால், பிரெஞ்சு வடிவம் மாறியபின் தமிழ் வடிவம் காலாவதியானது என்று குறியிட்டு வைக்க முடிகிறது. ஏற்றுமதியில், ஒவ்வொரு வரிசையையும் அதன் சொந்த மொழியிலேயே காட்டும்படி வியூஸின் மொழி அமைப்பை மாற்றி, மொழிக் குறியீட்டையும் ஒரு புலமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உருமாற்றத்தின்போது அதுவே டிட்டாவின் மொழிப் பண்பாகிறது.

மொழி வரிசையை மென்பொருளின் போக்குக்கு விடக் கூடாது. குறியீட்டின் அகரவரிசைப்படி அடுக்கினால் ஆங்கிலமும் பிரெஞ்சும் முன்வந்து தமிழ் எப்போதும் கடைசியில் நிற்கும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கும் இந்திக்கும் இடம் மாற்றி 1998இல் வெளியிட்டதையும், தமிழர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் அறிந்த இந்நாட்டில், எந்த மொழி எங்கே நிற்கிறது என்பதை யாரும் சிறு செய்தியாகக் கொள்வதில்லை. டிட்டாவில் வரிசையை மேப் என்னும் தனிக்கோப்பு தீர்மானிக்கிறது. பக்கங்கள் எந்த ஒழுங்கில் வந்தாலும், கையேட்டில் அவை நிற்கும் இடத்தை நாமே வெளிப்படையாக எழுதி வைக்கிறோம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

டிட்டா, ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி, பின்னர் ஓயசிஸ் என்னும் தரநிர்ணய அமைப்பின் தரமாக 2005இல் முதற்பதிப்பைக் கண்டது; பரவலாகப் பயன்படும் 1.3 பதிப்பு 2015 டிசம்பரில் வெளியானது. டூல்கிட்டை இயக்க ஜாவா வேண்டும். நான்காம் பதிப்புக்கு ஜாவா 17 தேவை. கட்டளை வரியில் மேப் கோப்பையும் வேண்டிய வடிவத்தையும் குறிப்பிட்டால் எச்டிஎம்எல்5, பிடிஎஃப், மார்க்டவுன் முதலிய வடிவங்களில் தருகிறது. சாக்ஸன் என்னும் எக்ஸ்எஸ்எல்டி உருமாற்றி டூல்கிட்டுடனேயே வருவதால், ட்ரூப்பல் எக்ஸ்எம்எல்லை டிட்டாவாக மாற்றும் எங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பையும் அதைக் கொண்டே இயக்குகிறோம்.

டிட்டாவின் கண்டிப்பே அதன் சிறப்பு. செய்முறையில் ஒவ்வொரு படியிலும் கட்டளை வாக்கியம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மேல் இருக்கவும் கூடாது. விதி மீறப்பட்டால் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் பிழையைச் சொல்கிறது. இந்தக் கண்டிப்பு தமிழ் நடையையே திருத்தியது. “பதிவேட்டைத் திறந்து, தேதியிட்டு, வருகையைக் குறித்த பின்னர் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவும்” என்று வினையெச்சங்களால் நீண்டுகொண்டே போன வாக்கியங்கள், ஒரு படிக்கு ஒரு செயல் என்று பிரிந்து நின்றபின், புதிய ஆசிரியர்கள் கேள்வி கேட்காமலே செய்யத் தொடங்கினார்கள்.

மறுபயன்பாடு மற்றொரு பெரும் வசதி. மொரீஷியஸில் சூறாவளி எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளாக அறிவிக்கப்படுகிறது. எந்த எச்சரிக்கை வகுப்பில் மாலைப் பாட வகுப்பை ரத்துசெய்வது, பெற்றோருக்கு யார் தகவல் சொல்வது என்ற பகுதி, ஆசிரியர் கையேட்டிலும் பொறுப்பாளர் கையேட்டிலும் பெற்றோர் குறிப்பேட்டிலும் இடம்பெற வேண்டியது. அதை ஒரே இடத்தில் வைத்துக் கான்ரெஃப் என்னும் சுட்டியால் மற்ற இடங்களில் வருவிக்கிறோம். புயற்காலம் தொடங்குமுன் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாக் கையேடுகளிலும் திருத்தம் சேர்ந்துவிடுகிறது. பழைய நடைமுறையில் ஒரு கையேட்டில் ஒரு தொலைபேசி எண்ணும் மற்றொன்றில் வேறோர் எண்ணும் இருக்க நேரும் அபாயத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு வசதிக்காகவே இவ்வழியைத் தேர்வது தகும்.

தமிழ் அச்சு என்று வரும்போது மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கிறது. டூல்கிட் பிடிஎஃப் ஆக்குவதற்கு அப்பாச்சி எஃப்ஓபி என்னும் நிரலை இயல்பாகப் பயன்படுத்துகிறது. தமிழ் எழுத்துகள் கொண்ட எழுத்துருவை அமைவுக் கோப்பில் சரியாகச் சுட்டாவிட்டால், எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘#’ குறி அச்சாகும். எழுத்துரு கிடைத்தாலும், ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும் உயிர்க்குறிகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். தமிழ்க் கையேட்டின் அச்சுப்படிக்கு நாங்கள் வேறு வழியை விரும்புகிறோம்: எச்டிஎம்எல்5 வெளியீட்டை எடுத்து, வீஸிபிரின்ட் என்னும் கருவி கொண்டு பிடிஎஃப் ஆக்குகிறோம். அது பாங்கோ என்னும் நிரல் நூலகத்தின் வழியே எழுத்துகளைக் கோப்பதால் தமிழ் வடிவங்கள் உலாவியில் தெரிவதுபோலவே அச்சிலும் அமைகின்றன. பக்க ஓரம், பக்க எண், தலைப்பு வரி ஆகியவற்றைச் சிஎஸ்எஸ் என்னும் தோற்ற விதிகளிலேயே அமைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு, ஆங்கிலக் கையேடுகளுக்கு டூல்கிட்டின் சொந்தப் பிடிஎஃப் வழியே போதுமானது.

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கொள்ளக் கூடாது. எக்ஸ்எஸ்எல்டி அறிந்த ஒருவர் தொடக்கத்தில் கட்டாயம் வேண்டும். இந்தத் தீவின் எபென் நகரில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் இருந்தாலும், எக்ஸ்எஸ்எல்டியை நன்கு அறிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ட்ரூப்பலின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து நிறுவும் பொறுப்பும் யாராவது ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஒரே மொழியில் சில பக்கங்கள் மட்டும் வெளியிடும் சங்கத்துக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சாதாரண வலைத்தளமே அவர்களுக்குப் போதும். ஒரே செய்தி பல கையேடுகளில், பல மொழிகளில், பல வடிவங்களில் வரவேண்டியவர்களுக்கு இதைத் துணிந்து பரிந்துரைக்கிறேன்.

அவ்வாறு தொடங்குபவர்கள், உள்ளடக்க வகைகளும் வியூஸ் அமைப்பும் உரை வடிவங்களும் நிலைபெற்றவுடன், ட்ரூப்பலின் அமைவு ஏற்றுமதி வசதியால் அவற்றை யாம்ல் என்னும் உரைக் கோப்புகளாக எடுத்து, எக்ஸ்எஸ்எல்டி கோப்புடனும் மேப் கோப்புகளுடனும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஒரே களஞ்சியத்தில் சேமித்து வைக்க வேண்டும். ஒரு புலத்தின் பெயரை ட்ரூப்பலில் யாராவது மாற்றினால் உருமாற்றம் அந்தப் புலத்தைக் காணாமல் வெறுமையாக விட்டுவிடும். இரண்டு பக்கத்து மாற்றங்களும் ஒன்றாகப் பதிவாகியிருந்தால்தான் அது எப்போது, யாரால் நேர்ந்தது என்று கண்டு சரிசெய்ய முடியும்.