நாட்குறிப்பா, வழக்காடு மன்றமா?

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு நாவல் நடத்த வாய்ப்பு வந்ததும் எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத் தேர்ந்தெடுத்தேன். 1967இல் அது வெளியானபோது அவருக்கு வயது 18தான் என்று சொன்னதுமே பாதி வகுப்பு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டது.

சரி, படித்த பிறகு என்ன செய்வது? சார்ட் பேப்பரை விட்டுவிடலாம். நன்றாக வரையும் இரண்டு பேர் வேலை பார்ப்பார்கள், மற்றவர்கள் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு நிஜமான போட்டி, கதாபாத்திரத்தின் நாட்குறிப்பை எழுதச் சொல்வதற்கும் வழக்காடு மன்றம் நடத்துவதற்கும் இடையில்தான்.

நாட்குறிப்பில் கூச்சப்படும் பிள்ளைக்கும் இடம் உண்டு. கார்த்திகை மழைக்கு கலெக்டர் விடுமுறை விட்டாலும் வேலை வீட்டில் நடக்கும். கடலூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாவலைத் திறக்காமலேயே நாட்குறிப்பு எழுதிவிடலாம். 'இன்று மனம் மிகவும் பாரமாக இருந்தது' என்ற வரி எந்தக் கதைக்குத்தான் பொருந்தாது? நாற்பது நோட்டுகளைத் திருத்தும் சுமை தனி.

வழக்காடு மன்றத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்: அது பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் புத்தகத்துக்கு அனுப்புகிறது. நான்காம் அத்தியாயத்தில், பூங்கா நீரூற்றில் ஏழைப் பையன் போனிபாயின் தலையைப் பணக்காரப் பையன்கள் அமுக்குகிறார்கள். அவன் நண்பன் ஜானி, அவர்களில் ஒருவனான பாபைக் கத்தியால் கொன்றுவிடுகிறான். ஆனால் ஜானி நீதிமன்றம் ஏறும் முன்பே இறந்துபோவதால், அந்தக் கொலை வழக்கு நாவலில் நடக்கவே இல்லை. அதை நாம் வகுப்பில் நடத்தலாம்.

வாதத்துக்கு ஒரே விதி: அத்தியாயத்தைக் காட்டாத பேச்சு செல்லாது. பக்க எண் கேட்டால் பதிப்புக்குப் பதிப்பு மாறும், சண்டைதான் வரும். இந்த விதி வந்ததும், போனிபாயைச் சாட்சியாகக் கூப்பிட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கதை சொல்வதே அவன்தான், ஆனால் குத்து விழுந்தபோது அவனுக்குச் சுயநினைவே இல்லை! எதிர்த்தரப்பில் ஒரு மாணவி இதைக் கண்டுபிடித்து எழுந்தபோது வகுப்பே ஓவென்று கத்தியது. அப்புறம் அடுத்த கேள்வி: ஜானி முன்பே கத்தி வைத்திருந்தானே, அது திட்டமா, பயமா? விடைக்கு இரண்டாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். அவன் முன்பு வாங்கிய கொடூரமான அடி அங்கேதான் வருகிறது. எந்த நாட்குறிப்பும் என் பிள்ளைகளை இப்படிப் பின்னோக்கிப் படிக்க வைத்ததில்லை.

நம் ஊர்ச் சட்டப்படி என்ன என்று கேட்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 34ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை வருகிறது என்று சொல்லிவிட்டு, வழக்கு நடப்பது அமெரிக்காவில் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வாயாடிகள் ஆறேழு பேர் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் மற்ற எல்லோரும் நடுவர்கள். தீர்ப்பையும் அதற்கான ஒரு ஆதாரத்தையும் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். திருத்த அரை மணி நேரம் போதும். அறுபது பேர் வகுப்பில் இது எடுபடுமா என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. கொலையோ குற்றமோ இல்லாத நாவலுக்கும் இதே பலன் கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். அங்கே நாட்குறிப்பே மேலாக இருக்கலாம்.

நானும் நாட்குறிப்பை முழுக்க ஒதுக்கவில்லை. தீர்ப்பு வந்த அன்று இரவு பாபின் காதலி செர்ரி என்ன எழுதியிருப்பாள் என்று ஒரே ஒரு பக்கம் மட்டும் கேட்கிறேன்.