பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா: கெட்டால் எதைச் சரிசெய்வது சுலபம்?

வலைப்பதிவின் தோற்றத்தை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, கை தவறினால் எப்படி மீள்வது என்பதைத்தான்.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் முழுத் தீமும் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது டேக் எனும் குறிச்சொற்களால் கண்டிப்பான விதிப்படி எழுதப்படும் கோப்பு. எங்கிருந்தோ எடுத்த ஒரு நிரல்துண்டை ஒட்டுகிறீர்கள், அதில் ஒரு டேக் மூடாமல் இருந்தாலோ, ஒரு இணைய முகவரிக்குள் & குறி அப்படியே தனியாக நின்றாலோ (அதை & என்று எழுத வேண்டும்) சேமிக்கவே விடாது, பிழை என்று சொல்லிவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தக் கண்டிப்புதான் புதியவரைக் காப்பாற்றுகிறது. தொடுவதற்கு முன் தீமை பேக்கப் எடுத்துவையுங்கள், அது போதும்.

வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை சொந்த ஹோஸ்டிங்கில் (நாமே வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில்) வைத்தால் சுதந்திரம் அதிகம், விழும் இடங்களும் அதிகம். ஒரு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) கெட்டால் தளமே வெள்ளைத் திரையாகிவிடலாம். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல் ரெக்கவரி மோட் எனும் மீட்பு வசதி உண்டு, உள்ளே போய்ச் சரிசெய்ய நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும். அது வராவிட்டால் wp-content-க்குள் இருக்கும் plugins கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, நிர்வாகப் பகுதியில் பிளக்இன் பக்கத்தைத் திறங்கள், எல்லா பிளக்இன்களும் அணைந்துவிடும். அப்புறம் பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். தீமின் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும். உங்கள் மாற்றங்களை மட்டும் தனியே வைக்கும் சைல்ட் தீம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத மட்டும் வந்தவருக்கு நான் பிளாகரைத்தான் சொல்வேன்.