ராக் கச்சேரியை வீடியோ எடுக்க ஆள் வைத்தோம்: ஒலி அருமை, எடிட்டிங்தான் உதைக்கிறது

எங்கள் பேண்டின் முழுக் கச்சேரியையும் வீடியோ எடுத்துத் தர ஒரு சின்னக் குழுவை வைத்தோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

ஒலிக்கு முழு மதிப்பெண். சிறிய அரங்கில் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் கருவி) வரும் லைனை மட்டும் பதிவு செய்தால் குரல் முன்னால் வந்து நிற்கும், கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்; கிட்டாரின் ஆம்ப்பும் (அதன் சொந்த ஒலிபெருக்கி) டிரம்ஸும் தாமாகவே அரங்கை நிரப்பிவிடுவதால் சவுண்ட் இன்ஜினியர் அவற்றை ஸ்பீக்கரில் அதிகம் ஏற்றமாட்டார், அதனால்தான். இவர்கள் கூட்டத்துக்கு நடுவிலும் ஒரு ஜோடி மைக் வைத்து, பிறகு இரண்டையும் கலந்தார்கள். 10 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குச் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் ஆகும், அதையும் நகர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். பாடகரோடு சேர்ந்து கூட்டம் பாடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.

படமும் நன்றாகவே இருக்கிறது. மூன்று கேமராவிலும் எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் வெளிச்ச அளவு) மேனுவல், ஆட்டோவில் விட்டிருந்தால் விளக்கு மாறும்போதெல்லாம் முகம் வெளுத்துப் போயிருக்கும். எல்இடி விளக்கு திரையில் வரிவரியாகத் துடிக்காமல் இருக்க ஷட்டர் வேகத்தை சவுண்ட் செக்கிலேயே பார்த்துச் சரிசெய்தார்கள். அடர்நீல வெளிச்சத்தில் முகங்கள் அடையாளம் தெரியவில்லை, சரி, அது விளக்குக்காரரின் கைங்கரியம்.

எடிட்டிங்கில்தான் எரிச்சல். இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு. கிட்டார் சோலோ உச்சத்துக்குப் போகும் நேரத்தில் விரல்களைக் காட்டாமல் குதிக்கிற கூட்டத்தைக் காட்டுகிறார்கள். அதைவிட மோசம், ஒரு பாட்டுக்கு நடுவே கிட்டார் கம்பி அறுந்து, அதை மாற்றும்வரை பேஸும் டிரம்ஸும் தாங்களாகவே எதையோ வாசித்துச் சமாளித்தார்களே, அன்றைய கச்சேரியிலேயே அதுதான் உருப்படியான இடம், அதைத் தூக்கிவிட்டார்கள்! விளம்பரத்துக்கு மூன்று நிமிடத் துண்டு போதும், ஆனால் பாதுகாத்து வைக்க வேண்டுமென்றால் சொதப்பல், பேச்சு, சுருதி சேர்ப்பது எல்லாம் வேண்டும். அமெரிக்க ராக் பேண்டான கிரேட்ஃபுல் டெட் 1984-இல் ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதற்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. அப்படிச் சேர்ந்த முழுக் கச்சேரிகளை இன்றும் இணையத்தில் தேடிக் கேட்கிறார்கள்.

கேட்டதும் வெட்டாத மூலக் கோப்புகளை முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நாம் கேட்டால்தான் உண்டு, ஆகவே முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வேறு பேண்டின் பாட்டை வாசித்திருந்தால் வீடியோவில் வெளியிடும் உரிமை உங்கள் தலைவலி, வீடியோ எடுப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.