43 அங்குல 4கே டிவி என்று சொல்லி விற்ற பெட்டி: குறைந்த பணத்தில் டிவி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம், மதுரையில் உள்ள ஒரு கடையில், 43 அங்குல 4கே ஸ்மார்ட் டிவி என்று சொல்லப்பட்ட ஒன்றை 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது 43 அங்குலமும் இல்லை, 4கே எனப்படும் மிகக் கூர்மையான திரையும் இல்லை. நான்காவது மாதத்தில் படமும் போய்விட்டது. கடையின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. என் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த முறையில் விற்கும் கடை அது ஒன்று மட்டும் அல்ல என்பது இன்னொரு காரணம். எனக்கு எங்கே கண் தப்பியது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

முதலில், எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயது. காது நன்றாக மந்தமாகிவிட்டது. செய்திச் சேனல்களில் அடியில் ஓடும் எழுத்துகளை வாசித்துத்தான் அவர் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்கிறார். 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி ஓய்ந்த பிறகு, எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய 24 அங்குல எல்இடி டிவி. அதில் எழுத்துகள் தெரியவில்லை என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்து இழுத்து, கடைசியில் திரைக்கு மூன்றடி தூரத்தில் உட்காரும் நிலைக்கு வந்துவிட்டார். ஏலச்சீட்டுப் பணத்தில் 17,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு, பெரிய திரையாக, எழுத்து தெளிவாகத் தெரிவதாக ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போனேன்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கும். அதையே காரணமாகச் சொல்லி, "அக்கா, வரி குறைஞ்சதாலதான் இந்த ரேட்டு, தீபாவளி முடிஞ்சா ஏறிடும்" என்றார் விற்பனையாளர். சுவரில் இருந்த டிவியில் பஞ்சவர்ணக் கிளிகளும் அருவிகளும் மெதுவாக நகரும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. அது பென் டிரைவில் போட்டு ஓடவிடப்படும் மாதிரிப் படம் என்பதும், அதில் கூர்மையாக வாசிக்க வேண்டிய ஓர் எழுத்துகூட இல்லை என்பதும் அப்போது என் மனத்தில் படவில்லை. செய்திச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லியிருந்தால் அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பணம் கொடுத்தபோது கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட ஒரு சிறிய சீட்டு. அதில் "43 டிவி – 1" என்று கையால் எழுதி, தொகையைப் போட்டிருந்தார்கள். மாடல் எண் இல்லை, வரிசை எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பில் கேட்டபோது, "பில் போட்டா 18 பர்சன்ட் சேரும், அக்கா. எதுக்கு வீணா? வாரண்டி கார்டுல சீல் வெச்சுத் தர்றோம், ரெண்டு வருஷம்" என்று பதில் வந்தது. வரி குறைந்ததால்தான் விலை குறைந்தது என்று சொன்ன அதே வாய்தான் வரி சேர்க்காததால் இந்த விலை என்றும் சொன்னது. அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். 10,000 ரூபாயை யூபிஐ மூலமும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தேன். யூபிஐ திரையில் வந்த பெயர்கூடக் கடையின் பெயர் இல்லை, தனி நபர் ஒருவரின் பெயர்.

வீட்டில் மாட்டிய முதல் நாள் மாலையே அப்பா, "எழுத்து பெருசா இருக்கும்மா, ஆனா கலங்கித் தெரியுது" என்றார். குற்றம் முழுவதையும் டிவியின் மேல் சுமத்த நான் விரும்பவில்லை. எங்கள் கேபிள் இணைப்பு சாதாரண எஸ்டி இணைப்பு. அதில் வருவது 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படம். அதை எவ்வளவு பெரிய திரையில் இழுத்துப் போட்டாலும் கலங்கத்தான் செய்யும். உண்மையான 4கே டிவியிலும் அப்படித்தான் தெரியும். சாதாரண கேபிள் மட்டும் பார்க்கும் வீட்டில் 4கே என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதை எந்த விற்பனையாளரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் அதே செய்திச் சேனலை யூடியூப் நேரலையில் உயர்ந்த தரத்தில் போட்டபோதும் எழுத்தின் ஓரங்கள் பிசிறடித்தன. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பக்கத்து வீட்டில் பொறியியல் படிக்கும் தம்பி தன் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிள் மூலம் டிவியுடன் இணைத்தார். 3840-க்கு 2160 என்ற 4கே அளவைத் தேர்ந்தெடுத்தபோது டிவி அதை ஏற்றுக்கொண்டது. மூலையில் '4கே' என்றும் காட்டியது. ஆனால் திரையில் இருந்த கோப்புப் பெயர்கள் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. 'க'வும் 'ச'வும் ஒரே மாதிரி கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. ஒற்றைப் புள்ளி அகலத்தில் வரைந்த கோடுகள் சில இடங்களில் மறைந்தும் சில இடங்களில் சாம்பல் பூசியதுபோலவும் இருந்தன. பிறகு ஒவ்வொரு அளவாகக் குறைத்துக்கொண்டே வந்தார். 1366-க்கு 768 என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்துகள் சட்டென்று கத்தரித்ததுபோலத் தெளிவாகிவிட்டன. அதுதான் அந்தத் திரையின் உண்மையான அளவு. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் இருக்கும். எங்கள் திரையில் இருந்தவை பத்தரை லட்சம். எட்டில் ஒரு பங்கு.

அதன்பின் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். டிவியின் அளவு என்பது ஒளிரும் பகுதியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையிலான தூரம். சுற்றியுள்ள சட்டம் (ஃப்ரேம்) அதில் சேராது. 43 அங்குல டிவியில் அது சுமார் 108 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். என் டேப் 100 சென்டிமீட்டரில் நின்றது. அதாவது 40 அங்குல வகைத் திரை. மூன்று அங்குலம்தானே என்று தோன்றலாம். பரப்பில் கணக்கிட்டால் ஏழில் ஒரு பங்கு குறைவு. கடைக்குப் போய்க் கேட்டபோது, ஃப்ரேமையும் சேர்த்துத்தான் 43 என்றார்கள். ஃப்ரேமைச் சேர்த்தும் அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன்: 104 சென்டிமீட்டர்.

4கே பற்றிக் கேட்டதற்கு அட்டைப் பெட்டியைக் காட்டினார்கள். பெரிய எழுத்தில் '4கே' என்றும், அதன் கீழே எறும்பு ஊர்வதுபோல் 'சப்போர்ட்' என்றும் இருந்தது. இந்த ஒரு சொல்லைத்தான் எல்லோரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 4கே சிக்னலை உள்ளே வாங்கி, திரையின் சிறிய அளவுக்குச் சுருக்கிக் காட்டும் போர்டு இருந்தாலே 'சப்போர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி "4கே உண்டா?" என்பதன்று, "பேனலின் ரெசல்யூஷன் என்ன, அதாவது திரையில் உண்மையில் எத்தனை புள்ளிகள், அதை பில்லில் எழுதித் தருவீர்களா?" என்பதுதான். எழுதித் தரத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஸ்மார்ட் வசதியும் அப்படியே. 'ஆண்ட்ராய்டு டிவி' என்று சொன்னது கூகுளின் சான்று பெற்ற டிவி மென்பொருள் இல்லை. பொதுவெளியில் கிடைக்கும் ஆண்ட்ராய்டை ஏற்றி, மேலே ஒரு முகப்பைப் போட்டிருந்தார்கள். கட்டணப் படச் செயலிகளில் சில திறக்கவே இல்லை; திறந்தவையும் மங்கலான தரத்தில்தான் ஓடின. உயர்தரப் படத்தை அனுமதிக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புச் சான்று இத்தகைய போர்டுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, திரையின் நடுவில் குறுக்காக ஒரு பட்டை இருண்டது. இரண்டு நாளில் படம் முழுவதும் போய்விட்டது; ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் டிவி மெக்கானிக் அண்ணன் வந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்தார். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் நிழல்போல நகர்ந்துகொண்டிருந்தது. படம் இருக்கிறது, பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம்தான் இல்லை. பேனலுக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணைந்துவிடும். விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, வெளிச்சத்துக்காக அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால் சில மாதங்களிலேயே சூட்டில் கருகும். பின்மூடியைக் கழற்றியபோது பேனலின் மேல் ஒட்டியிருந்த தயாரிப்பாளர் சீட்டு சுரண்டப்பட்டிருந்ததை அவர் காட்டினார். பழைய பேனலைப் புதுச் சட்டத்தில் பொருத்தியிருக்கலாம் என்பது அவர் கருத்து. டிவி எதுவாக இருந்தாலும் பேக்லைட் அளவை 100-இல் வைக்காமல் 60, 70-க்குக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற நல்ல யோசனையையும் அவர்தான் சொன்னார்.

வாரண்டி கார்டில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. கடையில், "நம்ம கிட்ட வாங்குனதுக்கு பில் இருக்கா?" என்று கேட்டார்கள். பில் தராமல் அனுப்பியவர்களே பில்லைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

டிவியின் பின்புறச் சீட்டில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருந்தன. பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணை இட்டால், எந்தத் தயாரிப்பாளருக்கு எந்தப் பொருளுக்காக வழங்கப்பட்டது என்று காட்டும். எங்கள் டிவியில் இருந்த எண் வேறொரு நிறுவனத்தின் செல்போன் சார்ஜருக்கானது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கடையில் நின்றபடியே செய்திருக்கலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தேன். கடை பதில் தராததால் இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் புகார் இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரை வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. ஆகவே பில் இல்லாதது நம் வழக்கை அழித்துவிடும் என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. எஸ்டிமேட் சீட்டு, யூபிஐ பரிமாற்ற விவரம், டேப்பை வைத்து எடுத்த படங்கள், விற்பனையாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பேனலைப் பழுது பார்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். சரிசெய்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அப்பாவுக்காகக் கடன் வாங்கி, சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு நிறுவனத்தின் 32 அங்குல டிவியை வாங்கினோம். திரையில் புள்ளிகள் முன்பு இருந்த அதே 1366-க்கு 768தான். ஆனால் சிறிய பரப்பில் அவை நெருங்கி இருப்பதாலும், கேபிளை எச்டி இணைப்பாக மாற்றியதாலும், ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து எழுத்துகளை அவரால் வாசிக்க முடிகிறது. 15,000, 20,000 ரூபாய்க்குள் வாங்குவோருக்கு என் கருத்து இதுதான்: பெயர் தெரியாத 43 அங்குலத்தைவிட, சர்வீஸ் உள்ள 32 அங்குலம் மேல். இந்த முறை பில்லில் மாடல் எண், வரிசை எண் இரண்டையும் டிவியின் பின்புறச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் 15 இடங்கள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும்; ஜிஎஸ்டி தளத்தில் அதை இட்டு, கடையின் பெயர் வருகிறதா என்றும் பார்த்துவிட்டே பணம் கொடுத்தேன்.

அண்மையில் இப்படிப்பட்ட டிவி வாங்கியவர்கள் இன்றே டேப்பை எடுத்துத் திரையின் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். பில்லில் வேறு கெடு குறிப்பிடப்படாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் அதே நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே சொல்கிறது. அந்த நாட்களைக் கடைக்கு நடந்தே நான் கழித்துவிட்டேன். நீங்கள் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருக்காமல், முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு, அனுப்பியதற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.