போன் டப்பா மேல கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க

திருச்சில போன் வாங்கப் போறவங்க, திருச்சின்னு இல்ல எங்க வாங்கினாலும் சரி, இதை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க. கடை பேரு போடல, ஏன்னா புகார் ஓடிட்டு இருக்கு. போன் கம்பெனி பேரும் போடல, தப்பு அவங்களோடது இல்ல.

நான் வேலை பாக்குறது அக்கவுண்ட்ஸ்ல. கணக்குல ஒரு ரூபா இடிச்சாலும் தூக்கம் வராத ஆளு. அதனாலதான் இதை எழுதவே கூச்சமா இருக்கு.

அம்மா லால்குடில இருக்காங்க. பழைய போன்ல தினம் "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வரும், எல்லாம் சொந்தக்காரங்க அனுப்புற காலை வணக்கம் பூ படம்தான், சிங்கப்பூர்ல இருக்குற தங்கச்சி வீடியோ கால் பண்ணா பேரன் மூஞ்சி பாதில உறைஞ்சு நிக்கும். சரி ஆடி ஆஃபர்ல ஒண்ணு வாங்கிடுவோம்னு 15, 16 ஆயிரத்துக்குள்ள பாக்க ஆரம்பிச்சேன். சும்மா பாக்கல, எக்ஸெல் போட்டு பாத்தேன், 11 போனு, 14 காலம் (column), மூணு வாரம். வீட்டுல "கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கல"ன்னு சொன்னா.

அந்த எக்ஸெல் வீண் இல்ல, அதுல கத்துக்கிட்டதைச் சொல்லிடுறேன். 8 ஜிபி ரேம்னு பெருசா போட்டிருப்பான், கீழ பொடி எழுத்துல 4 பிளஸ் 4னு இருக்கும், அந்த ரெண்டாவது 4 ஸ்டோரேஜ்லேர்ந்து கடன் வாங்கினது, நிஜ ரேம் ஆகாது. மூணு கேமரான்னு போட்டிருப்பான், ஒண்ணு 50 மெகாபிக்சல், மிச்சம் ரெண்டும் 2 மெகாபிக்சல், திருஷ்டிப் பொட்டு மாதிரி பின்னாடி வட்டமா இருக்கணும்னு வச்சது. டிஸ்ப்ளே 6.7 இன்ச்சுன்னு பாத்து மயங்கிடக் கூடாது, ரெசல்யூஷன் 720ஆ 1080ஆன்னு பாக்கணும், பெரிய ஸ்கிரீன்ல 720 வச்சா எழுத்து பிசிறு பிசிறா தெரியும். ஸ்டோரேஜ் 128னு மட்டும் பாக்காம அது யுஎஃப்எஸ்ங்கிற வேகமான வகையா, இஎம்எம்சிங்கிற மெதுவான வகையான்னு பாருங்க, இஎம்எம்சின்னா ஆப் திறக்க ஆட்டோ கிக்கர் அடிக்கிற மாதிரிதான். எத்தனை வருஷம் அப்டேட் வரும், டப்பால சார்ஜர் இருக்கா, இதெல்லாமும் எழுதி வச்சேன்.

விலையும் அப்படித்தான். ஆன்லைன்ல 14,999னு கொட்டை எழுத்துல இருக்கும், உள்ள போனா அது ஒரு குறிப்பிட்ட பேங்க் கிரெடிட் கார்டு இருந்தா மட்டும், நம்மகிட்ட அந்த கார்டு இருக்காது, அப்ப 15,999. நோ காஸ்ட் இஎம்ஐன்னு ஒண்ணு இருக்கே, ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே சொல்லிடுச்சு, பேங்க் வட்டி போடத்தான் போடுது, அதைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுக் காட்டுறாங்க, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி மட்டும் சத்தமில்லாம நம்ம தலைல விழும். பிராசஸிங் ஃபீ தனி.

இவ்ளோ தெரிஞ்சவன் எங்க ஏமாந்தேன்னு கேளுங்க.

ஒரு மாடலை முடிவு பண்ணேன், 5ஜி, 6 ஜிபி ரேம், 1080 டிஸ்ப்ளே. ஆன்லைன்ல 15,999. மெயின்கார்டு கேட் பக்கத்துல ஒரு கடைக்கு போன் போட்டு கேட்டா 15,499, "ஸ்டாக் இருக்குண்ணா, நேர்ல வாங்க, இன்னும் பாத்துப் பண்ணித் தர்றோம்"னான். ஐநூறு ரூபா கம்மி, கைல பாத்து வாங்கலாம், அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்னு ஆடிப்பெருக்குக்கு மொத நாள் போனோம். அன்னைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு திருச்சிக்காரங்களுக்குத் தெரியும், கால் வைக்க இடமில்ல, கடைக்குள்ள ஏசி ஓடியும் புழுக்கம், அம்மா ஒரு ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு "சீக்கிரம்டா தம்பி, பஸ்ஸுல கூட்டம் ஏறிடும்"னு ஆரம்பிச்சுட்டாங்க.

கவுண்டர்ல ஒரு பையன், இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், நல்லா பேசினான். நான் மாடல் பேரைச் சொன்னதும் உள்ள போய் ரெண்டு நிமிஷத்துல வந்தான். "அண்ணா, நீங்க கேட்ட கலர் காலி, இது அதே சீரிஸ்தான், இன்னும் லேட்டஸ்ட் பீஸ், அம்மாவுக்கு இது கைல பிடிக்க லகுவா இருக்கும்"னு டப்பாவை வச்சான். டப்பால என் எக்ஸெல்ல இருந்த அதே பேரு, பேரோட சேர்ந்து வர்ற அதே நம்பர். பக்கவாட்டுல கடையோட மஞ்சள் ஸ்டிக்கர், "ஆடி அதிரடி 15,499". நான் டப்பாவைத் திருப்பிப் பாக்குறதுக்குள்ள அவன் பிளேடால சீலை சர்ர்னு கிழிச்சுட்டான், "அம்மா இந்தாங்க, உங்க கையால ஆன் பண்ணுங்க, ராசி"ன்னு அவங்க கைல குடுத்துட்டான். அம்மா மூஞ்சில அந்த சிரிப்பைப் பாத்ததுக்கு அப்புறம் நான் என்னத்த ஸ்பெக் பாக்குறது.

பில்லு வந்துச்சு. போன் 15,499. ஸ்கிரீன் பாதுகாப்பு பிளான் 1,299, நான் கேக்கவே இல்ல, "எல்லாருக்கும் போடுறதுதாண்ணா, கீழ விழுந்தா டிஸ்ப்ளே மட்டும் ஆறாயிரம்". கிளாஸ், கவர் 499. ஆச்சா, 17,297. கார்டு நீட்டினா 2% எக்ஸ்ட்ராவாம், அது 346. மொத்தம் 17,643. ஐநூறு ரூபா மிச்சம் பிடிக்க வந்தவன் ஆயிரத்து அறுநூத்தி சொச்சம் கூடக் குடுத்தேன். கேக்காததை பில்லுல சொருகுறதும், கடைசில ஒவ்வொண்ணா ஏத்துறதும் ஆன்லைன்ல நடந்தா அதுக்கு டார்க் பேட்டர்ன்னு பேரே இருக்கு, 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 தில்லாலங்கடி வேலையைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு, அதுல இது ரெண்டும் உண்டு. கடைல நடந்தா நாம "சரி விடு, நாள் கிழமை"ன்னு கார்டை நீட்டிடுறோம்.

குடுத்த பில்லுல மேல "எஸ்டிமேட்"னு இருந்துச்சு, அதாவது உத்தேசக் கணக்குச் சீட்டு, பில்லு ஆகாது. ஜிஎஸ்டி நம்பர் இல்ல, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற ஐஎம்இஐ நம்பரும் இல்ல. "சிஸ்டம் ஸ்லோண்ணா, ஒரிஜினல் பில்லு வாட்ஸப்ல வரும்". நாலு வருஷமா எங்க ஆபீஸ்ல எஸ்டிமேட்டைக் கொண்டு வர்றவனை எல்லாம் திருப்பி அனுப்புறவன் நான், அன்னைக்கு மடிச்சு பைல வச்சுக்கிட்டேன். வரி வெளியில இல்ல பாருங்க, அந்த 15,499க்குள்ளயே 18% கணக்குல 2,364 ரூபா ஜிஎஸ்டி உக்காந்திருக்கு. நான் குடுத்தாச்சு. அது எங்க போச்சோ.

ஒரு வாரம் கழிச்சு ஊருக்குப் போனேன். அம்மா "இதுவும் நிக்குதுடா"ன்னாங்க. டவர் இல்லையோன்னு பாத்தா என் போன்ல 5ஜி, பக்கத்துலயே வச்ச அம்மா போன்ல 4ஜி. ரெண்டும் ஒரே கம்பெனி சிம்மு. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் போய் 5ஜியைத் தேடு தேடுன்னு தேடுறேன், 4ஜி 3ஜி 2ஜியோட நின்னுபோச்சு. பக்கத்து வீட்டு பையன், பத்தாவது படிக்கிறான், எட்டிப் பாத்துட்டு "மாமா, இது 4ஜி போனு. இதுலயே 5ஜி தனியா வருது"ன்னான்.

அப்பதான் டப்பாவை எடுத்தேன். அந்த மஞ்சள் ஸ்டிக்கர், அதை ஓரத்துல நகத்தால கிளப்பினா கிழியுது, வரல. அம்மா தேங்கெண்ணெய் எடுத்துட்டு வந்தாங்க, தடவி பத்து நிமிஷம் ஊற வச்சு மெதுவா உரிச்சேன். அடியில இருக்கு எல்லாம். மாடல் நம்பர் வேற. ரேம் 4 ஜிபி. எம்.ஆர்.பி. 15,999, நான் தேடின 5ஜி போனோட எம்.ஆர்.பி. அதைவிட நாலாயிரத்துக்கு மேல ஜாஸ்தி. இந்த 4ஜி போன் ஆன்லைன்ல அன்னைக்கு விலை 11,499. விலையைக் குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா கம்பெனி அச்சடிச்ச எம்.ஆர்.பி.யை அது மறைக்கக் கூடாதுன்னு பொட்டலப் பொருள் விதிலயே இருக்கு, எனக்கு அது அப்புறம்தான் தெரிஞ்சது.

ஒரே பேருல 4ஜியும் 5ஜியும் வர்றது புதுசு இல்லீங்க. ரெட்மி 12னு 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, 4ஜி ஒண்ணு, 5ஜி ஒண்ணு, விலை வேற வேற. பாக்க ரெண்டும் அக்கா தங்கச்சி, உள்ள இருக்குற சிப்பு கம்பெனியே வேற, ஒண்ணுல மீடியாடெக், இன்னொண்ணுல ஸ்னாப்டிராகன். சாம்சங் ஏ14லயும் அதே மாதிரி ரெண்டு உண்டு. கம்பெனிக்காரங்க ஒளிக்கல, டப்பாலயே போட்டுத்தான் விக்கிறாங்க. என் எக்ஸெல்ல 14 காலம் இருந்துச்சுன்னேனே, அதுல மாடல் நம்பர்னு ஒரு காலம் இல்ல. பேரை மட்டும் வச்சு மூணு வாரம் கம்பேர் பண்ணேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர் போனேன், பேட்டரியும் சீக்கிரம் இறங்குதுன்னு. அந்தம்மா நம்பரைத் தட்டிப் பாத்துட்டு "சார் உங்க வாரண்டி ஆரம்பிச்சு 71 நாள் ஆச்சு"ன்னாங்க. வாங்கி ஒன்பது நாள்! அதாவது சீல் கிழிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ ஆன் பண்ணி ஆக்டிவேட் ஆகியிருக்கு. "ஜிஎஸ்டி பில்லு இருந்தா குடுங்க, வாங்கின தேதிக்கு மாத்த எழுதுறோம்". பில்லா, எஸ்டிமேட் இருக்குங்கன்னு எப்படிச் சொல்றது.

கடைக்குப் போனேன். அந்தப் பையன் இல்ல, "வேலையை விட்டு நின்னுட்டான்". ஓனர் பொறுமையா கேட்டுட்டு "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல சார், போர்டுல போட்டிருக்கே"ன்னாரு. சீலை உடைச்சது உங்க பையன்தான்னேன். "உங்க முன்னாடிதானே உடைச்சான்". இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு வண்டி ஓட்டிட்டு வர்ற வரைக்கும் யோசிச்சேன்.

அப்புறம் 1915க்கு அடிச்சேன், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். புகார் நம்பர் குடுத்தாங்க. அவங்க பேசித் தீர்த்து வைக்கத்தான் பாப்பாங்க, தீர்ப்பு சொல்ற அதிகாரம் கிடையாது. ஆனா நம்பர் வாங்கிட்டு அதைக் கடைக்கு வாட்ஸப் பண்ணதும் ரெண்டே நாள்ல ஒரிஜினல் பில்லு வந்துச்சு பாருங்க, சிஸ்டம் திடீர்னு ஸ்பீடாயிடுச்சு. அதுல போனோட முழு மாடல் நம்பர், 4ஜின்னு தெளிவா இருக்கு, விலை 15,499. அவங்களே எழுதிக் குடுத்த சாட்சி. வாரண்டி தேதியும் அந்த பில்லை வச்சு மாத்தியாச்சு.

மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப் போறேன். வக்கீல் கட்டாயம் இல்ல, வாங்கின பொருளுக்குக் குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, இ-ஜாக்ரிதின்னு இதுக்கான அரசு போர்ட்டல்ல வீட்டுலேர்ந்தே போடலாம், நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். எஸ்டிமேட், பில்லு, கார்டு ஸ்லிப்பு, எண்ணெய் ஊறின அந்த ஸ்டிக்கர், எல்லாம் ஒரு ஃபைல்ல வச்சிருக்கேன்.

இனிமே வாங்கப் போறவங்க சீலை உடைக்க விடுறதுக்கு முன்னாடி டப்பாவைக் கைல வாங்கி மாடல் நம்பரை உங்க போன்லயே தேடிப் பாருங்க. டப்பாலயே ஐஎம்இஐ 15 இலக்கம் இருக்கும், கேஒய்எம்னு (KYM) இங்கிலீஷ்ல டைப் பண்ணி ஒரு இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணா எந்த கம்பெனி, என்ன மாடல்னு பதில் வரும், திருட்டு போன்னு பிளாக் ஆகியிருந்தாலும் தெரிஞ்சுடும். பிரிச்ச அப்புறம் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் (*#06#) அடிச்சு அதே நம்பர்தான் வருதான்னு டப்பாவோட ஒத்துப் பாருங்க, அதே நம்பர் பில்லுலயும் இருக்கணும். பில்லு அடிக்கிற வரைக்கும் கார்டைப் பைலேர்ந்தே எடுக்காதீங்க. கூட்டமா இருந்தா போயிட்டு இன்னொரு நாள் வாங்க, ஆடி போனா ஆவணி, போன் விக்கிறவன் எங்கயும் போயிட மாட்டான்.

இதை எழுதிட்டு இருக்கும்போதே அந்தக் கடைலேர்ந்து போன். புதுப் பையன் குரல். "சார், அந்த ஸ்கிரீன் பிளான் 1,299 ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு சார், கூகுள்ல எங்களுக்கு ஒரு 5 ஸ்டார் ரிவ்யூ மட்டும் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, உடனே அக்கவுண்ட்ல போட்டுடுறோம்."

வாட்ஸப்ல எழுதி அனுப்புங்க தம்பின்னு சொன்னேன். அனுப்பிட்டான். அதையும் ஃபைல்ல சேர்த்துட்டேன்.