பழைய வாடகை, புது வீடு: இரண்டு சாவியும் எத்தனை நாள் கையில் இருக்கலாம்?

வீடு வாங்குவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் போடும் கணக்கு இதுதான்: வாடகை ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது, பத்திரப் பதிவு அதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு நாள் வாடகைகூட வீணாகாமல் சாமானை ஏற்றிவிடலாம். தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பதிவுத் தேதி நம் கையில் இல்லை. கடன் கொடுப்பவர் கடைசி நேரத்தில் இன்னொரு சம்பளச் சான்று கேட்பார், வில்லங்கத்தில் பழைய அடமானம் ஒன்று ரத்தாகாமல் கிடக்கும், விற்பவர் குடிபோக வேண்டிய வீடே தயாராகியிருக்காது. ஒரு வாரம் தள்ளிப்போனால் சாமான் கிடங்கில், நீங்கள் விடுதியில், வண்டிக்கு இரண்டு தடவை கூலி. மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறும் வழிகளில், என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

வேண்டுமென்றே ஒரு மாதம் இரண்டு வீட்டையும் வைத்துக்கொள்வது பார்வைக்குத்தான் ஊதாரித்தனம். காலி வீட்டில் பெயின்ட் அடிப்பதும் தரை போடுவதும் ஒரு வாரத்தில் முடியும். அதே வேலையைக் கட்டிலையும் பீரோவையும் அறைக்கு அறை நகர்த்திக்கொண்டு செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சொட்டுவது எங்களுக்குத் தெரிந்ததே நான்காவது நாள்தான். அலமாரியில் ஒன்றும் அடுக்கியிருக்கவில்லை, பிழைத்தோம். தவணை எப்போது தொடங்குகிறது என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில கடன்களில் முதல் முழுத் தவணை உடனே வராது, அதனால் அந்த மாதம் வாடகையும் தவணையும் ஒன்றாக மோதாமல் போகலாம். ஆனால் வட்டி, பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓடும். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தால் இந்த வழியில் லாபமே இல்லை.

வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் எனக்குப் பிடித்தது இன்னொன்று: ஒப்பந்தம் முடிந்தபின் மாதா மாதம் நீட்டித்துக்கொள்வது. வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம், தேதி தள்ளிப்போனால் பதற வேண்டியதில்லை. ஆனால் அவரும் குறுகிய நோட்டீஸில் உங்களைக் காலி செய்யச் சொல்லலாம், அதனால் பேசியதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஒருமுறை படியுங்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் தானாகவே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு.

வாடகை ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பது வெறும் கூட்டல் கழித்தல். அபராதம் இரண்டு மாத வாடகை, பாக்கி ஐந்து மாதம் என்றால் முறித்துவிடலாம். பாக்கியும் இரண்டே மாதம் என்றால் எதற்கு முறிக்க வேண்டும், வீட்டையே வைத்துக்கொண்டு நிதானமாக மாறலாமே. அபராதம் பற்றி ஒரு வரியும் இல்லையா, அடுத்து குடிவர ஒருவரை நீங்களே தேடிக் கொண்டுபோய் நிறுத்திப் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் படியும். உள்வாடகைக்கு விடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வந்தவர் சுவரை உடைத்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

எந்த வழியில் போனாலும் கடன் உறுதியாகும்வரை காலி செய்கிறேன் என்று நோட்டீஸ் கொடுக்காதீர்கள். பழைய வீட்டின் மின் இணைப்பையும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை விட்டுவையுங்கள். செல்போன் வெளிச்சத்தில் சுவரின் ஆணித் துளைகளை அடைத்தவன் சொல்கிறேன்.