முழங்கை ஆபரேஷனுக்கு நம்பி போகலாம், டிஸ்சார்ஜ் பண்ற விதம் மட்டும் சரியில்ல - 4/5

எங்க அம்மா கோத்தகிரி பக்கம் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க, மழை ஈரத்துல சரிவுல வழுக்கி முழங்கை அடிபட விழுந்துட்டாங்க, குன்னூர்ல இருக்குற இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்தோம். மாவுக்கட்டு போட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் நெனச்சோம். எக்ஸ்ரேல பாத்தா முழங்கை முனை எலும்பு தனியா உடைஞ்சு மேல ஏறி நிக்குது. "கைய நீட்டுற தசை இந்த முனையிலதான்மா புடிச்சிருக்கு, அது இழுத்துக்கிட்டே இருக்கும், வெறும் கட்டு போட்டா சேராது"ன்னு டாக்டர் அம்மாகிட்டயே நேரா சொன்னாரு, அது எனக்கு ரொம்ப புடிச்சுது.

கைய மட்டும் மரத்துப்போக வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு கம்பி உள்ள விட்டு, மெல்லிசு வயர 8 மாதிரி சுத்தி முறுக்கியிருக்காங்க, எலும்பு பல துண்டா நொறுங்கியிருந்தா பிளேட் வைக்கணுமாம். சுண்டுவிரல்ல உணர்ச்சி இருக்கான்னு முன்னாடியும் பின்னாடியும் தொட்டு தொட்டு கேட்டாங்க, அந்த விரலுக்கு போற நரம்பு முழங்கை ஓரமாவே போகுதுல்ல.

ஆனா நான் பெருசா பாராட்டுறது பிசியோவதான். முழங்கை ரொம்ப சீக்கிரம் இறுகிப்போற மூட்டு, அதனால வலி கொஞ்சம் அடங்குனதுமே மடக்கி நீட்ட வச்சாங்க. பிசியோ பொண்ணு பிளாஸ்டிக் ஸ்கேல வச்சு டிகிரி அளந்து நோட்ல எழுதும், 30ல இருந்து 130 வரைக்கும் வந்துட்டா சாப்பிட, தலை வார, வீட்டு வேலைக்கெல்லாம் போதும்மானு பொறுமையா சொல்லும். "கூடை எப்ப தூக்கலாம் கண்ணு"ன்னு அம்மா கேக்காத நாளே இல்ல, எலும்பு சேந்தது எக்ஸ்ரேல தெரியட்டும்மான்னு ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். தயவுசெஞ்சு யாரும் எண்ணெய் போட்டு உருவிவிட கூட்டிட்டு போகாதீங்க, வெடுக்குன்னு இழுத்து நீட்டவும் கூடாது, அப்படி பண்ணா மூட்ட சுத்தி வேண்டாத எலும்பு வளர வாய்ப்பிருக்குன்னு இங்க தெளிவா சொல்லிட்டாங்க.

முழங்கை முனையில சதை கம்மிங்கறதால கம்பி தோலுக்கு அடியில குத்தலாம், எலும்பு நல்லா சேந்தப்புறம் எடுத்துடலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அந்த செலவையும் கையில வச்சிக்கோங்க.

ஒரு ஸ்டார் கொறச்சது டிஸ்சார்ஜுக்குத்தான். உடற்பயிற்சி பேப்பர் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, தோட்டத்துல இருந்து வர்றவங்க எப்படி படிப்பாங்க? ஒரு பக்கம் தமிழ்ல அடிச்சு குடுங்க, பிசியோ டோக்கனையும் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடியற மாதிரி போடுங்க.